"யார் வீட்டுச் சாவி இது?"

(திண்டுக்கல் ஐடி விங் தன்னார்வலர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அணு ஆயுதம், உளவுத்துறை எல்லாம் டெல்லிக்காரங்க பாடு. திண்டுக்கல்லுக்கு என்னப்பா சம்பந்தம்?"னு நீங்க கேட்கலாம். சம்பந்தம் இருக்கு.

2003 அக்டோபர். 'பிபிசி சைனா'ங்கிற ஜெர்மன் கப்பல் துபாயிலிருந்து லிபியாவுக்குப் போயிட்டிருந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு முன்னாடியே தகவல் கிடைச்சிருந்தது. கப்பலை இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பினாங்க. 5 கன்டெய்னரில் இருந்தது, யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் பாகங்கள்! ஒரு தோட்டா செலவாகல. ஏற்கெனவே நடந்த ரகசியப் பேச்சுக்கு இது வேகம் கொடுத்தது. டிசம்பர் 19-ல் லிபியா அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுறதா அறிவிச்சது. 2004 பிப்ரவரியில் பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ.க்யூ.கான், அணு தொழில்நுட்பத்தை வெளியே கொடுத்ததை டிவியில் ஒத்துக்கிட்டார்.

அந்தப் பாகங்களைச் செஞ்சது எங்கே தெரியுமா? மலேசியாவில், ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை. ஆர்டர் பிடிச்சுக் கொடுத்தது, துபாயில் இருந்த இலங்கை வியாபாரி தாஹிர். எண்ணெய், எரிவாயு வேலைக்குன்னு நினைச்சோம்னு அந்த நிறுவனம் சொன்னது.

இப்ப நம்ம பசங்களை நினைச்சுப் பாருங்க. மெக்கானிக்கல் முடிச்சிட்டு கோவை, ஓசூர்னு சிஎன்சி மெஷின் முன்னாடி நிக்கிறாங்க. டிராயிங்கில் அளவு மைக்ரான் கணக்கில் இருக்கும். எதுக்குன்னு இருக்காது. அதனாலதான் 2005-ல் பேரழிவு ஆயுதத் தடைச் சட்டம் வந்தது. ஸ்கோமெட் பட்டியலில் உள்ள பொருளை ஏற்றுமதி பண்ண லைசென்ஸ் வேணும். கடைசியில் யார், எதுக்குப் பயன்படுத்தப் போறாங்கன்னு சொல்லியாகணும். நம்ம ஊர் பூட்டுக்காரர்கிட்ட சோப்பில் அச்செடுத்துட்டுப் போய் சாவி கேட்டா, "யார் வீட்டுச் சாவி இது?"ன்னு கேட்பாரே, அதே கேள்விதான்.

ஆனா உளவுத்துறை சொல்றதெல்லாம் வேதவாக்கும் இல்லை. ஈராக்கில் நடமாடும் கிருமி ஆயுதக்கூடம் இருக்குன்னு ஜெர்மனிக்கு வந்த ஒரு அகதி கதை விட்டார். சரிபார்க்காம அமெரிக்கா அதை ஐ.நா. சபை வரைக்கும் கொண்டுபோச்சு. 2003 மார்ச்சில் போர். சல்லடை போட்டுத் தேடியும் அந்த ஆயுதம் கிடைக்கல. செத்த மக்கள் திரும்பியா வருவாங்க?

அதனால உளவு வேணும், அதைக் கேள்வி கேட்கிற நாடாளுமன்றமும் வேணும். இந்தியாவில் உளவு அமைப்புகளைக் கண்காணிக்கத் தனி நாடாளுமன்றக் குழு இன்னும் இல்லை. அதைக் கேட்க வேண்டியது நாமதான்.

நமக்கும் ஒரு வேலை இருக்கு. "குண்டு வெச்சிருக்காங்களாம்"னு ஒரு ஃபார்வர்டு வந்தா, யார் சொன்னது, எங்கே பார்த்தாங்கன்னு முதல்ல கேளுங்க. உண்மையா இருந்தா போலீஸுக்குச் சொல்லுங்க. தெரியலைன்னா உங்க போனோட நிறுத்துங்க.