எழுதத் தெரியாமை எங்கிருந்து வந்தது?

(இயக்கப் பொழிவரங்கில் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தனித்தமிழ் மேடையில் ஆங்கிலம் கற்பிப்பவனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பே. ஆயினும் ஒன்றை நினைவூட்ட விழைகின்றேன். 1916இல் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கிவைத்த மறைமலையடிகள் ஆங்கிலத்தை வெறுத்தவரல்லர். தம் தமிழ்நூல்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் முன்னுரை வரைந்தவர். மொழிஞாயிறு பாவாணர், தமிழின் தொன்மையை உலகோர்க்கு உணர்த்தவேண்டி, 1966இல் ஒரு பெருநூலை ஆங்கிலத்திலேயே எழுதி வெளியிட்டார். இவ்விருவரும் தமிழைத் தமிழாக எழுதினர். ஆங்கிலத்தை ஆங்கிலமாக எழுதினர். இரண்டையும் ஒரே சட்டியிலிட்டுக் கிண்டவில்லை. நம் கொள்கை கலப்புக்குப் பகையேயன்றிக் கல்விக்குப் பகையன்று. அவ்வுரிமை பற்றியே நான் இங்கு நிற்கின்றேன்.

ஆங்கிலம் பயிலும் பல்கலைக்கழக மாணாக்கர்க்கு எழுத்துத்திறனை எவ்வாறு கற்பிப்பது என்பதே இன்றைய பொருள். "அஃது ஆங்கில ஆசிரியர் கவலை, நமக்கென்ன?" என்று தள்ளிவிடாதீர்கள். அக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், அது நம் தமிழ் வகுப்பறையின் வாயிலிலேயே கொண்டுவந்து நிறுத்தும்.

முதலில் நிலைமையைக் காண்போம். 1835இல் மெக்காலே தம் குறிப்பை எழுதினார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அன்றிலிருந்து ஆங்கிலம் நம் உயர்கல்வியின் வாயிற்காவலாக நிற்கின்றது. 1968இல் தமிழகம் இந்தியை விலக்கி, தமிழும் ஆங்கிலமுமாகிய இருமொழிக் கொள்கையை மேற்கொண்டது. இன்றும் பட்டப்படிப்பிற் சேரும் மாணவர் முதற்பகுதியில் தமிழையும் இரண்டாம் பகுதியில் ஆங்கிலத்தையும் படிக்கின்றனர். பள்ளியிலும் பத்தாண்டுக்கு மேல் ஆங்கிலம் படித்துத்தான் வருகின்றனர். ஆனால், "உன் ஊரைப் பற்றித் தாமாக ஒரு பக்கம் எழுது" என்றால் எழுதுகோல் நகர்வதில்லை. ஏன்?

அறிவுக் குறைவா? அன்று. பத்தாண்டிலும் அவர்களை எவரும் எழுதச் சொல்லவில்லை என்பதே மெய்ம்மை. படியெடுக்கச் சொன்னோம், மனப்பாடம் செய்யச் சொன்னோம். கடையில் விற்கும் விடைநூலில் உள்ள கட்டுரையைத் தேர்வுத்தாளில் இறக்கிவைப்பதற்கு 'எழுதுதல்' என்று பெயர் சூட்டினோம். கரும்பலகையிலிருந்து குறிப்பேட்டுக்கும், குறிப்பேட்டிலிருந்து விடைத்தாளுக்கும் சொற்கள் இடம்பெயர்ந்தன. இடையில் மாணவன் உள்ளம் ஒருமுறையேனும் குறுக்கிடவில்லை.

இக்குற்றத்திற்கு நானும் உடந்தை. அதை இம்மேடையில் மறைக்கப் போவதில்லை.

சில ஆண்டுகட்கு முன் என் வகுப்பில் ஒரு தம்பி இருந்தார். பனையேறும் குடும்பத்தவர், தமிழ்வழியிற் படித்து வந்தவர். ஆங்கிலத் தாளில் இருமுறை தவறிவிட்டார். ஒருநாள் மாலை என்னிடம் வந்து, "ஐயா, எனக்கு எழுத வரவில்லை. நான் அப்பாவோடு பனைக்கே போய்விடுகின்றேன்" என்றார். அவர் முன்பு எழுதிய தாள்களை எடுத்துப் பார்த்தேன். தொடர்வண்டி நிலையத்தில் ஒருமணி நேரம் கழித்தது பற்றிய மனப்பாடக் கட்டுரை ஒன்று. தாள் முழுதும் என் சிவப்பு மை. முப்பது இடங்களில் சுழித்திருந்தேன். "இதில் நீ சொல்லவந்தது என்ன?" என்று ஓரிடத்திலும் நான் கேட்டிருக்கவில்லை. அவர் சொல்லவந்தது எதுவுமே அதில் இல்லை என்பதையும் நான் கண்டிருக்கவில்லை.

"தம்பி, அப்பா பனையில் என்ன செய்கின்றார்? அதைத் தமிழில் எழுதிக்கொண்டு வா" என்றேன். மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வந்தார். பாளையை இடுக்கி, நாள்தோறும் நுனி சீவி, கலயம் கட்டுவது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பது. காலையும் மாலையும் ஏறியிறங்கும் தந்தையின் மார்பில் பனை கீறிய காய்ப்பு. எல்லாம் இருந்தன. ஆனால் முன்னது பின்னும் பின்னது முன்னுமாய்க் கிடந்தன. "எதை முதலில் சொன்னால் பனையே காணாதவனுக்கு விளங்கும்?" என்று கேட்டேன். அவரே வரிசைப்படுத்தினார்.

அதன்பின், "இனி இதை ஆங்கிலத்தில் சொல்" என்றேன். பாளை என்பதற்கும் பதநீர் என்பதற்கும் அவருக்கு ஆங்கிலச் சொல் கிட்டவில்லை. அங்கேதான் மெய்யான எழுத்து தொடங்கியது. பனையின் விரியாத பூங்குலை என்று ஒரு தொடர். அதிலிருந்து சொட்டும் இனிய சாறு என்று ஒரு தொடர். சுண்ணாம்பு அதனைப் புளிக்கவிடாது காக்கின்றது என்று ஒரு தொடர். மனப்பாடம் செய்த எந்தக் கட்டுரையிலும் அம்மூன்று தொடர்களும் இல்லை. பிழைகள் இருந்தன. ஆனால் அவை சொல்லவந்த ஒருவனின் பிழைகள்; திருத்தத்தக்கன. மூன்றாம் முறை அவர் தேறினார். மிகுந்த மதிப்பெண் பெற்றார் என்று மிகைபடக் கூறமாட்டேன். தேறினார், படிப்பை விடவில்லை. அவ்வளவே. எனக்கு அதுவே பெரும் பாடமாயிற்று.

பெருமக்களே! இந்நிகழ்ச்சி ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. எழுத்து என்பது ஒரே மூச்சில் கொட்டுவதன்று. எண்ணுதல், வரைதல், திரும்பிப் பார்த்தல், திருத்தல் என்று முன்னும் பின்னும் சென்றுவரும் தொழில் என்பதை மேலைநாட்டாய்வாளரும் நிறுவியுள்ளனர். அமெரிக்காவில் எமிக் என்னும் அம்மையார் பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கரை வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுதச் செய்து ஆராய்ந்து, 1971இல் நூல் வெளியிட்டார். 1981இல் பிளவர், ஏய்சு என்னும் இருவர் எழுதுவோன் உள்ளத்தில் நிகழ்வனவற்றை முறைப்படுத்திக் காட்டினர். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போரை ஆராய்ந்த சாமெல் அம்மையார், அவர்களும் எழுதி எழுதியே தம் கருத்தைக் கண்டடைகின்றனர் என்று 1983இல் எழுதினார். தாய்மொழியில் ஆழ வேரூன்றிய கல்வித்திறன் இரண்டாம் மொழிக்கும் துணைநிற்கும் என்னும் கருத்தைக் கம்மின்சு என்பார் 1979இல் முன்வைத்தார்.

இதன் பொருள் என்ன? கருத்தைத் தேர்வதும், வரிசைப்படுத்துவதும், சான்று காட்டுவதும், படிப்பவன் இடத்தில் நின்று பார்ப்பதும் ஆங்கிலத் திறன்களல்ல, எழுத்துத் திறன்கள். அவற்றைத் தாய்மொழியிற் பெறாத பிள்ளை, அயன்மொழியில் எங்ஙனம் பெறும்? நீந்தத் தெரியாதவனைக் கிணற்றைவிட்டு ஆற்றில் தள்ளினால் நீந்திவிடுவானா?

அதே வேளையில், மொழிக்கு மொழி கட்டமைப்பு வேறு என்பதையும் கற்பிக்கவேண்டும். தமிழில் வினை தொடரின் இறுதியில் வந்து நிற்கும்; ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். 'விதையை விதைத்த உழவர்' என்று நாம் பெயரெச்சத்தை முன்னே வைக்கின்றோம். ஆங்கிலமோ உழவரை முதலிற் சொல்லி விளக்கத்தைப் பின்னே தொங்கவிடும். 'எழுந்து, குளித்து, உண்டு, சென்றான்' என்று வினையெச்சங்களைக் கோத்து ஒரே முற்றில் முடிக்கின்றோம். அப்பழக்கத்தால் ஆங்கிலத்திலும் நம் பிள்ளைகள் காற்புள்ளி இட்டு இட்டுத் தொடரை முடிக்காமலே நடக்கின்றனர். எழுவாயைச் சொல்லாமலே நம் வினைமுற்று ஆளைக் காட்டிவிடும்; ஆங்கிலத்திற்கு எழுவாய் இன்றியமையாதது. நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. அவர்கட்கு இரண்டும் ஒன்றே. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுங்கால் கேட்பவன் உள்ளடக்கமா, இல்லையா என்பதைத் தனியே விளக்கவேண்டும்.

இவற்றை ஒப்பிட்டுக் காட்டினால் மாணவன், "நான் மூடன்" என்று எண்ணமாட்டான். "இரு மொழிகளும் இருவேறு வழியில் நடக்கின்றன" என்று தெளிவான். பிழையின் கரணியம் அறிந்தவனே அதைத் திருத்துவான். இவ்வொப்பீட்டைச் செய்யத் தமிழிலக்கணம் அறிந்த ஆங்கில ஆசிரியர் வேண்டும். தமிழறியாமையைப் பெருமையாகக் கருதும் ஆங்கில ஆசிரியர், தம் தொழிலுக்கான கருவியையே எறிந்துவிட்டு நிற்கின்றார்.

இனித் திருத்தும் முறைக்கு வருவோம். தொல்காப்பிய மரபியலும், பவணந்தியாரின் நன்னூலும் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்துள்ளன. அவற்றை நாம் தேர்வுக்கு ஒப்புவிக்கும் பட்டியலாக்கிவிட்டோம். நான் என் ஆங்கில வகுப்பிலேயே அவற்றைப் பயன்படுத்தி வருகின்றேன். மாணவர் எழுதிய முதல் வரைவை அவரே மூன்று கேள்விகளால் ஆராயவேண்டும். சொன்னதையே திரும்பச் சொன்னேனா? அது கூறியது கூறல். ஒன்றைத் தொடங்கி வேறொன்றில் ஓடினேனா? அது மற்றொன்று விரித்தல். முன்னே சொன்னதைப் பின்னே மறுத்தேனா? அது மாறுகொளக் கூறல். கருத்து நேரான பின்னரே எழுத்துப்பிழைக்கும் இலக்கணப் பிழைக்கும் செல்லவேண்டும். அவற்றிலும் ஒரு தாளில் இரண்டொரு வகைப் பிழைகளையே காட்டுவேன், முப்பதையும் அன்று. இரண்டைத் திருத்தக் கற்றவன் மூன்றாவதைத் தானே தேடுவான். ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நம் எழுத்துக்கலை அறிவு, ஆங்கிலம் கற்பிக்கவும் இன்று உதவுகின்றதென்றால், அதனைப் பழம்பெருமை என்று பேழையிற் பூட்டிவைப்பது முறையோ?

இங்கே ஒரு தடை எழும். "ஆங்கில வகுப்பில் தமிழைப் புகுத்துவதும் கலப்புத்தானே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கலப்பு என்பது ஒரே தொடரில் இருமொழிச் சொற்களைப் பிசைவது. நான் சொல்வது வேறு. எண்ணுவதும் திட்டமிடுவதும் தமிழில். எழுதுவது தூய ஆங்கிலத்தில். 'எக்சாமுக்குப் பிரிப்பேர் பண்ணினேன்' என்று பேசும் பிள்ளைக்குத் தமிழ்த்தொடரும் முழுமையாக வராது. ஆங்கிலத்தொடரும் முழுமையாக வராது. 'தேர்வுக்கு ஆயத்தமானேன்' என்று சொல்லக்கூடியவனே அதை ஆங்கிலத்திலும் முழுத்தொடராகச் சொல்ல எளிதிற் கற்பான். தூய்மை என்பது இங்கு வெறும் கொள்கையன்று, கல்விக் கருவி.

இன்று புதிதாய் ஓர் இடரும் வந்துள்ளது. தலைப்பைக் கொடுத்தால் கணிப்பொறியே பிழையற்ற ஆங்கிலக் கட்டுரை எழுதித் தருகின்றது. விடைநூல் வணிகரின் இடத்தில் இப்போது பொறி அமர்ந்துள்ளது. படியெடுப்பதையே எழுத்தென்று கற்பித்த நாம், மாணவன் பொறியைப் படியெடுக்கின்றான் என்று எந்த வாயாற் குறைகூறுவது? தன் தந்தையின் பனையைப் பற்றி, தன் ஊர்க் கண்மாயைப் பற்றி, தான் கண்டதை வகுப்பிலிருந்தே எழுதும் பழக்கம் ஒன்றே இதற்கு மருந்து. அங்கே பொறிக்குத் தெரியாதது மாணவனுக்குத் தெரியும்.

இறுதியாக, நம்மவரையே நோக்கி ஒரு சொல். கசக்கத்தான் செய்யும், பொறுத்தருள்க. நாம் மேடைப்பேச்சை வளர்த்தோம், கைதட்டினோம். நம் தமிழ் வகுப்பில் எழுத்தை வளர்த்தோமா? பாட்டுக்குப் பொருளுரையும் ஆசிரியர் வரலாறும் மனப்பாடம் செய்தால் தமிழிலும் தேறிவிடலாம் அல்லவா? தமிழ் வகுப்பில் தாமாக ஒரு பத்தியும் எழுதாத பிள்ளைதான் ஆங்கில வகுப்பில் ஊமையாகின்றது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டட, எந்திரப் பொறியியற் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. அதே ஆண்டில் தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது முன்னுரிமை தரும் சட்டம் வந்தது. கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே செல்லும் பிள்ளை, தான் கற்றதைத் தமிழில் தெளிவாக எழுதவும், உலகோர்க்கு ஆங்கிலத்தில் எடுத்துரைக்கவும் வல்லவனாக வேண்டாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: தமிழ் வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் கிழமைக்கு ஒரு மணிநேரம் மாணவர் தாமாக எழுதுவதற்கென்றே ஒதுக்கப்படல் வேண்டும். இரண்டு: தமிழாசிரியரும் ஆங்கிலவாசிரியரும் ஒன்றாயமர்ந்து, ஒரே பொருளை இருமொழியிலும் எழுதப் பயிற்றவேண்டும். மூன்று: மனப்பாட விடைக்கு முழு மதிப்பெண் தரும் தேர்வுமுறை மாறவேண்டும். முதலிரண்டையும் செய்ய எந்த ஆணைக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் நாளையே தொடங்கலாம். பெற்றோரும் இன்றிரவே தம் பிள்ளையிடம், "இன்று நீ கண்டதைப் பத்து வரியில் எழுது" என்று சொல்லலாம்.

சொந்த மொழியில் எழுதத் தெரிந்தவனுக்கு எம்மொழியும் அஞ்சத்தக்கதன்று. அது தெரியாதவனுக்கு எம்மொழியும் உதவுவதன்று. நம் பிள்ளைகள் பிறர் எழுதியதைச் சுமப்பவராக இராமல், தாம் கண்டதைத் தாமே எழுதுபவராக வளர்வாராக!

வாழ்க தமிழ்!