வழியும் வழிச்செலவும்



இரட்டைமலை சீனிவாசனார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நமக்கும் உரிமை உண்டு என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். வழி திறந்து நூறாண்டு ஆகிவிட்டது. அந்த வழியில் போய்ப் படிக்க வழிச்செலவுக்கு என்ன செய்வது என்பதைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

நம் சேரியிலிருந்து முதல் பட்டதாரியாக வந்த ஒரு பெண் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். இடஒதுக்கீட்டில் இடமும் கிடைக்கிறது. கல்லூரி இருக்கும் ஊரோ வெகுதூரம். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம்கூடப் பெரிய தடை இல்லை. அறைக்கு அட்வான்ஸ், மெஸ்ஸுக்கு முன்பணம், கறுப்புக் கோட்டு, சட்டப் புத்தகங்கள் என எல்லாவற்றுக்கும் முதல் மாதத்திலேயே ரொக்கம் வேண்டும். கல்வி உதவித்தொகை இருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று எல்லாம் சரிபார்த்து அது கைக்கு வருவதற்குள் பல மாதம் ஓடிவிடும். பின்னால் வரும் பணம் முன்னால் வரும் பசியை ஆற்றாது. அந்த இடைவெளியில்தான் கந்துவட்டி வந்து உட்காருகிறது. அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது.

இன்னொரு இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பட்டம் வாங்கிய மகள் சம்பளம் கொண்டுவருவாள் என்று வீடு காத்திருக்கிறது. "படிச்சது போதும்மா" என்று அப்பா சொன்னால் அதைப் படிப்பின் மேல் உள்ள வெறுப்பாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வயிற்றின் கணக்கு.

பாபாசாகேப் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா சென்றார். உதவிக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலை கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. பின்னர் சிடனாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணம், சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனா கொடுத்த கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் லண்டன் போனார். பாரிஸ்டர் ஆனது அதன் பிறகே. அவருக்கே வேண்டிய நேரத்தில் பணம் வேண்டியிருந்தது.

2024இல் உத்தரப் பிரதேச தினக்கூலி ஒருவரின் மகன், 17,500 ரூபாயை உரிய நேரத்துக்குள் கட்ட முடியாமல் தன்பாத் ஐஐடியில் கிடைத்த இடத்தை இழந்தார். உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவைக் கொண்டு அந்த இடத்தைத் திரும்பக் கொடுத்தது. எத்தனை பிள்ளைகளால் டெல்லி வரை போக முடியும்?

சட்டப் படிப்பை ஏன் தனியாகச் சொல்கிறோம்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது. அந்த உரிமையை எழுந்து நின்று கேட்க நம் வக்கீல் வேண்டும். அந்த வக்கீல்தான் இன்று பஸ் ஏற முடியாமல் வீட்டில் நிற்கிறாள்.

வேலையில் இருக்கும் நம்மில் பத்துப் பேர் மாதம் 500 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். ஒரு மாணவியின் முதல் தவணை அவள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கையில் சேர வேண்டும். வட்டி கூடாது. மேடையில் நிறுத்திப் படம் எடுப்பதும் கூடாது. சம்பாதிக்கும் காலத்தில் அவள் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கட்டும்.

பணத்தோடு ஆளும் வேண்டும். கோவையில் படித்த காலத்தில், தம் சாதி தெரிந்துவிடுமோ என்று உடன் படித்தவர்களோடு நெருங்காமலே இருந்ததைச் சீனிவாசனார் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். "நீங்க என்ன ஆளுங்க?" என்று அறை வாடகைக்கு விடுபவர் இன்றும் கேட்கிறார். விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளையோடு அந்த ஊர்த் தோழர் ஒருவர் கூடப் போய் அறை பார்க்க வேண்டும்.

படிப்பு முடிந்தாலும் செலவு முடிவதில்லை. பார் கவுன்சிலில் பதிவு செய்யப் பட்டியல் சாதியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் தர வேண்டும் என்று அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நம் மூத்த வக்கீல்கள் தம் ஜூனியர்களுக்கு என்ன தருகிறார்கள் என்று நாமே முதலில் கேட்போம்.

நம் நிதி அரசின் கடமைக்கு ஈடாகாது. உதவித்தொகை தாமதமாகும் ஒவ்வொரு மாதத்தையும் தேதி போட்டு எழுதி வைப்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்போம். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. இன்று கலைவதற்கு முன் அவரவர் வட்டாரத்தில் பத்துப் பெயர்களை எழுதிக்கொள்வோம்.

ஜெய்பீம்.