குறிப்புகளுக்குத் திணை வகுத்தல்



அகநானூற்றின் 86-ஆம் பாட்டு எந்தத் திணை என்று கேட்டால், புத்தகத்தைத் திறக்காமலே மருதம் என்று சொல்லிவிடலாம். ஆறில் முடியும் எண்ணெல்லாம் மருதம். நான்கில் முடிந்தால் முல்லை. இரண்டிலும் எட்டிலும் முடிந்தால் குறிஞ்சி. பத்து, இருபது என்று போகிறவை நெய்தல். ஒற்றைப்படை எண்கள் அத்தனையும் பாலை. ஆக 400 பாட்டில் பாலைக்கு 200, குறிஞ்சிக்கு 80, மற்ற மூன்றுக்கும் நாற்பது நாற்பது. தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பெயர்ப்பட்டியல் தொலைந்தாலும் எண் ஒன்றே திணையைக் காட்டிக்கொடுக்கும்படி அடுக்கிய அந்தக் கூர்மைக்கு நிகராக வேறொன்றை நான் கண்டதில்லை.

ஆனால் அந்த எண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். அகநானூற்றில் கபிலர் பாடியவை எவை? எண் கைவிட்டுவிடும். பாட்டின் கீழே உள்ள புலவர் பெயரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். புறநானூற்றிலோ பாட்டுக்குக் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று தனித்தனியே குறித்து வைத்திருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1894-ல் அதை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோது அந்தக் குறிப்புகளும் கூடவே வந்தன. இன்று கணினியில் நாம் குறிச்சொல் என்றும் டேக் என்றும் சொல்வது இவற்றைத்தான். பிறகு 1940-ல், சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பில், எஸ்.வையாபுரிப்பிள்ளை பாட்டுகளைத் தொகைவாரியாக வைக்காமல் புலவர்வாரியாக வைத்தார். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் புறத்திலும் சிதறியிருந்த கபிலர் ஓரிடத்துக்கு வந்தார். பாட்டு ஒன்றும் மாறவில்லை. கேள்வி மாறியது, அதனால் வரிசை மாறியது. அதற்காகப் பெரும் பதிப்பு ஒன்றையே அச்சிட வேண்டியிருந்தது.

அந்த வேலையை இப்போது ஒரு வரியில் செய்யலாம். ஜெரமி ரஸ்டன் 2004-ல் வெளியிட்ட டிட்லிவிக்கி என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முழு விக்கியும் ஒரே கோப்பு. இணைய இணைப்பு இல்லாமலும் உலாவியில் திறக்கும். குறிப்பு ஒவ்வொன்றும் சின்னச் சீட்டு. அதற்கு வேண்டிய அளவு குறிச்சொல் இடலாம்.

நம் நசரத்பேட்டைப் பக்கத்து ஊர்களைப் பற்றி ஒருவர் குறிப்பெழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்த செய்தி ஒரு சீட்டு. 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு வந்தது இன்னொன்று. திருமழிசையாழ்வார் பிறந்த ஊர் என்பது மூன்றாவது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நம் நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடப்பது நான்காவது. கோப்புறை போட்டு இவற்றைப் பிரித்தால், சந்தைச் சீட்டைத் திருமழிசையில் வைப்பதா, வணிகத்தில் வைப்பதா, தொற்றுக்காலத்தில் வைப்பதா என்று திண்டாட்டம்தான். குறிச்சொல்லில் அந்தத் திண்டாட்டம் இல்லை. மூன்றையும் இட்டுவிடலாம்.

தேடும்போது ஒரே சதுர அடைப்புக்குள் இரண்டு குறிச்சொற்களை அடுத்தடுத்து எழுதினால், இரண்டும் பொருந்திய சீட்டுகள் மட்டும் வரும். தனித்தனி அடைப்பாக எழுதினால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே வந்துவிடும். முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் அது இல்லாதவை வரும். சல்லடை இவ்வளவுதான், ஒரு மாலையில் பழகிவிடும்.

வகைப்படுத்திக் காட்டுவதுதான் கடினம். பலர் குறிச்சொல்லை நினைத்தபடி இட்டுக்கொண்டே போகிறார்கள். ‘முக்கியம்’ என்று ஒன்று, ‘படிக்க வேண்டும்’ என்று ஒன்று. ஓராண்டில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பட்டியல் போட்டால் ஊரும் ஆண்டும் மனநிலையும் ஒரே வரிசையில் அகரவரிசைப்படி நிற்கின்றன. ஒரே ஊர்தான், ஆனால் பூந்தமல்லி என்று ஓரிடத்தில், பூவிருந்தவல்லி என்று வேறிடத்தில். மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர். ஓர் எழுத்து மாறினாலும் அது சேர்க்காது.

சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் நூலுக்கு ஒரே முத்திரை குத்துவதில்லை. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற முகங்களை வரிசையாகக் கேட்டு விடைகளைச் சேர்த்து எழுதுவது அது. நம் சொந்தக் குறிப்புக்கு ஐந்தும் வேண்டியதில்லை. இடம், காலம், பொருள் மூன்றே போதும் என்பது என் கருத்து. எழுதி முடித்த கையோடு இந்த மூன்றுக்கும் விடை இட்டுவிட வேண்டும். திணையும் துறையும் பாடினோரும் என்று நம் முன்னோர் வைத்த ஒழுங்கும் இதுதான்.

டிட்லிவிக்கியில் இதற்கு அருமையான வசதி உண்டு. குறிச்சொல்லும் ஒரு சீட்டுதான். ஆகவே குறிச்சொல்லுக்கே குறிச்சொல் இடலாம். செம்பரம்பாக்கம், திருமழிசை, நசரத்பேட்டை மூன்றுக்கும் ‘இடம்’ என்று இடுங்கள். 2015, 2020 இரண்டுக்கும் ‘காலம்’. இனி ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல்: வெளியே ‘இடம்’ என்ற குறிச்சொல் உடையவை ஒவ்வொன்றும் தலைப்பாக வர, உள்ளே அந்தத் தலைப்புக்குரிய சீட்டுகள் வரும். வெளியே ‘இடம்’ என்பதை ‘காலம்’ என்று மாற்றினால் அதே சீட்டுகள் ஆண்டுவாரியாக நிற்கும். வையாபுரிப்பிள்ளை ஒரு பதிப்பாகச் செய்தது இங்கே ஒரு சொல் மாற்றம்.

இரண்டு எச்சரிக்கை. செம்பரம்பாக்கமும் நசரத்பேட்டையும் சேர்ந்து வரும் சீட்டு இரண்டு தலைப்பிலும் வரும். அது பிழை அல்ல, அப்படித்தான் வர வேண்டும், ஒன்றை நீக்கிவிடாதீர்கள். மற்றது, இடமே குறிக்காத சீட்டு எந்தத் தலைப்பின் கீழும் வராது, சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். வகைப்படுத்திய பட்டியல் நிறைவாகத் தெரிவதால் விடுபட்டதை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வகைப் பட்டியலின் அடியிலும் ‘எஞ்சியவை’ என்று ஒன்றை வையுங்கள்: ‘இடம்’ வகைக் குறிச்சொல் ஒன்றுகூட இல்லாத சீட்டுகள் மட்டும் அதில் வரட்டும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் ஊர் இடுங்கள். ஊரே பொருந்தாத சீட்டுக்கு ‘பொது’ என்று இடுங்கள். அந்தப் ‘பொது’வுக்கும் ‘இடம்’ என்று இட மறக்காதீர்கள்.