சிவப்பு விளக்கில் திரும்புகிறவர்கள்

(ஆதரவாளர்களின் நன்றி கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த ஊழியத்தைத் தாங்கி வருகிற உங்களிடம், கட்டில்களைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் ஏழை நோயாளர் நிதியைப் பற்றியும் பேசுவது எங்கள் வழக்கம். இன்று போக்குவரத்து விளக்கைப் பற்றிப் பேச விரும்புகிறோம். குருவானவருக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். எலும்பு முறிவு வார்டில் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபிக்கிறவர்களுக்கு அதில் வேலை உண்டு.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. நேரே போகிறவர்கள் நிற்கிறார்கள். இடது பக்கம் திரும்புகிறவர் மட்டும், "நமக்குத்தான் ஃப்ரீ லெஃப்ட் உண்டே" என்று வேகத்தைக் குறைக்காமலே திரும்பிவிடுகிறார். அனுமதிப் பலகை அங்கே உண்டா இல்லையா என்று பார்ப்பவர்கள் குறைவு. நிற்க நினைக்கிறவரையும் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தே நகர்த்திவிடுகிறார். நாம் எல்லோரும் அன்றாடம் காணும் காட்சி இது.

சிவப்பில் திரும்பும் அனுமதி வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் அது பரவிய வரலாறு நமக்கும் பாடமாக இருக்கிறது. அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. ஆகவே நமக்கு இடது திருப்பம் எப்படியோ, அவர்களுக்கு வலது திருப்பம் அப்படி. கலிபோர்னியா போன்ற மேற்கு மாநிலங்களில் சிவப்பில் வலது பக்கம் திரும்புவது முன்பே வழக்கத்தில் இருந்தது. கிழக்கே பல மாநிலங்களில் அதற்கு இடமில்லை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபோது, அங்கே பெட்ரோலுக்கு நீண்ட வரிசைகளில் நிற்க வேண்டியதாயிற்று. வண்டிகள் சிவப்பு விளக்கில் வீணாக நின்று எரிபொருளைச் செலவழிக்கின்றனவே என்ற எண்ணம் எழுந்தது. 1975-ல் இயற்றப்பட்ட எரிசக்திச் சட்டம், சிக்கனத் திட்டங்களுக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமானால் மாநிலங்கள் இந்த அனுமதியையும் கொடுக்க வேண்டும் என்றது. 1980-ல் கடைசியாக மாசசூசெட்ஸ் மாநிலமும் இணங்கியது.

எரிபொருளை மிச்சப்படுத்துவது நல்ல நோக்கம்தான். அந்த அனுமதிக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. முதலில் வண்டியை முழுவதும் நிறுத்த வேண்டும். நடந்து வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். அதன் பிறகே திரும்பலாம். ஆனால் நாளடைவில் அநேகர் திரும்புவதை வைத்துக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்குள்ள ஆய்வாளர்கள் விபத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, அனுமதி வந்த இடங்களில் வலது பக்கம் திரும்பும் வண்டிகளால் நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அடிபடுவது கூடியிருப்பதைக் கண்டார்கள்.

இதற்குக் காரணம் எளியது. நம் சாலைக்கு ஏற்றபடி அதைச் சொல்லுகிறோம். சிவப்பில் இடது பக்கம் திரும்புகிறவருக்கு ஆபத்து வலது பக்கத்திலிருந்து வருகிறது. குறுக்குச் சாலையில் பச்சை விளக்கு பெற்ற பேருந்தும் லாரியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். ஆகவே அவர் கண் வலது பக்கமே இருக்கிறது. இடைவெளி கிடைத்தவுடன் வண்டியை எடுக்கிறார். அதே நேரத்தில் அவருக்கு முன்னே இருக்கும் நடைபாதைக் கோடுகளில், இடது பக்கமிருந்து ஒருவர் இறங்கி நடக்கிறார். வண்டிக்குச் சிவப்பு எரியும் அந்த நேரமே அவர் சாலையைக் கடக்க வேண்டிய நேரம். தன்னை இடிக்கக்கூடிய வண்டியை ஓட்டுநர் பார்க்கிறார். தான் இடிக்கக்கூடிய மனிதரைப் பார்ப்பதில்லை.

பெரிய வண்டியானால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பேருந்தோ லாரியோ இடது பக்கம் திரும்பும்போது, அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலே வராமல் உள்பக்கமாக வெட்டி வரும். ஓரத்தில் நிற்கும் சைக்கிள்காரர் கண்ணாடியில் தெரியாமலும் போகலாம். முன்பகுதி கடந்துவிட்டது என்று அவர் ஆறுதல் அடைகிற வேளையில் பின்சக்கரம் அவரை நெருங்கிவிடுகிறது.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்த இடங்களும் உண்டு. நியூயார்க் நகரில், அனுமதிக்கும் பலகை இல்லாத இடத்தில் சிவப்பில் திரும்பக் கூடாது. கனடாவின் கியூபெக் மாநிலம் 2003-ல் வலது திருப்பத்தை அனுமதித்தபோது, ஜனநெருக்கமுள்ள மாண்ட்ரியல் தீவை அதிலிருந்து விலக்கியது. ஜெர்மனியில், 1978-ல் கிழக்குப் பகுதியில் தொடங்கிய பச்சை அம்புப் பலகை, நாடு ஒன்றான பின் 1994-ல் எங்கும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் பலகை உள்ள இடத்திலும் வண்டியை முழுவதும் நிறுத்திய பிறகே திரும்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். நம் நாட்டிலும் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சிவப்பு விளக்கை மீறுவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது.

சென்ற ஆண்டு நம்மிடம் சேர்க்கப்பட்ட ஒரு பூக்காரம்மாவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வயது 62. விடியற்காலையில் மொத்தக் கடையில் பூ வாங்கிக்கொண்டு சிக்னலில் சாலையைக் கடந்தவர்மீது, இடது பக்கம் திரும்பிய வேன் மோதியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மோதிய வேனிலேயே அவரைத் தூக்கி வந்தவர் அதன் ஓட்டுநர். சம்பளத்துக்கு ஓட்டும் வாலிபர். "வலது பக்கம் பார்த்தேன் ஐயா, ஒரு வண்டியும் வரல. அதான் திரும்பிட்டேன். அந்தம்மா இந்தப் பக்கமிருந்து வந்தாங்க" என்று எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மாவோ வலியிலும், "கூடையை யாராவது எடுத்து வச்சாங்களா?" என்று கேட்டார். அன்றைய பூ வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுத்தது.

உங்கள் காணிக்கையால் நடக்கும் ஏழை நோயாளர் நிதியிலிருந்து அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்போது ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் விடியற்காலையில் எழுந்து கூடை சுமக்க அவரால் இனி முடியாது. வாலிபருக்கு வேலை போய்விட்டது, வழக்குக்கு அலைகிறார். நாங்கள் இருவருக்காகவும் ஜெபித்து வருகிறோம். பச்சை விழும்வரை காத்திருந்தால் அவருக்கு ஒரு நிமிடமோ, ஒன்றரை நிமிடமோ ஆகியிருக்கும்.

பிரியமானவர்களே, கொரிந்து சபையில் ஒரு கேள்வி எழும்பியது. விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பது அது. சாப்பிடத் தங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள் சிலர். பவுல் அப்போஸ்தலன் அந்த உரிமை இல்லையென்று சொல்லவில்லை. அது பலவீனமான சகோதரனுக்கு இடறலாகுமானால் அதை விட்டுக்கொடுக்கத் தாம் ஆயத்தம் என்று எழுதினார். முதலாம் கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள். சாலையில் பலவீனமான சகோதரன் யார்? நடந்து போகிறவரும், சைக்கிளில் போகிறவரும், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற தாயும்தான்.

ஆகவே இந்த ஆண்டு உங்களிடம் ஒரு காணிக்கை கேட்கிறோம். அதற்கு ரசீது கிடையாது. சிக்னலில் திரும்ப அனுமதி இல்லையென்றால் நில்லுங்கள். பலகையோ அம்புக்குறியோ அனுமதித்தாலும் மெதுவாக வந்து, வலது பக்கம் பார்த்த பிறகு இடது பக்கமும் ஒருமுறை பாருங்கள். கோட்டில் ஆள் இருந்தால் அவர் கடந்து முடியும்வரை காத்திருங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஹாரன் சத்தம் நமக்குச் சட்டம் அல்ல. முன்னால் நிற்கிறவரை நீங்களும் அப்படி நெருக்காதிருங்கள். ஆட்டோவில் ஆலயத்துக்கு வருகிறவர்கள், "ஆராதனைக்கு நேரமாச்சு, சீக்கிரம் போங்க" என்று ஓட்டுநரை அவசரப்படுத்த வேண்டாம். பத்து நிமிடம் முன்னதாகவே புறப்படுங்கள்.

கட்டில் நிறைவதால் மருத்துவமனைக்கு மகிமை இல்லை. நீங்கள் நின்றதனால் இங்கே வராமல் போகிற ஒருவர், அன்று மாலை பூவை விற்று முடித்துத் தம் வீட்டுக்குத் திரும்புவார். அவர் யாரென்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆண்டவர் அறிவார்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் தாமே காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.