முன்னாள் படைவீரர் நலனும் தொலைவழி வழிகாட்டுதலும்

பிற அரசு ஊழியர் தம் பணிக்காலத்தின் நடுப்பகுதியை எட்டும் வயதில் படைவீரர் ஓய்வு பெற்றுவிடுகிறார். சிப்பாய் நிலையில் உள்ளோரில் பெரும்பாலோர் 35 முதல் 40 வயதுக்குள் சீருடையைக் களைகின்றனர். ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் இவ்வாறு இல்லம் திரும்புகின்றனர்.

அதன் பின்னர் விடியற்காலை ஓட்டமும் அணிவகுப்பும் இல்லை. கடும் உழைப்புக்கென அமைந்த உணவுப் பழக்கமோ அப்படியே தொடர்கிறது. பலர் காவற்பணியில் இரவு முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றனர். இதன் விளைவே உடற்பருமன். இந்தியரைப் பொறுத்தவரை உடல் நிறைக் குறியீட்டெண் 23-ஐ எட்டினால் மிகை எடை. 25-ஐ எட்டினால் உடற்பருமன். ஆடவரின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டுவதும் எச்சரிக்கையே. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு நோய் ஆகியவை இதனைத் தொடர்ந்து வருவன.

தொலைவு என்னும் தடை

2003 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின்கீழ் நானூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்கள் இயங்குகின்றன. எனினும், மலைக் கிராமத்தில் வாழும் ஒருவர் வாரந்தோறும் அங்கு வந்து செல்ல இயலாது. மாத்திரைக்கு எப்போதேனும் ஒருமுறை வந்தால் போதும். பழக்கத்தை மாற்றுவதற்கோ இடைவிடாத தொடர்பு தேவை. 2021 மே மாதத்தில் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கிய ‘சேஹத்’ தொலைமருத்துவச் சேவை இதற்கு வழி திறந்துள்ளது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை 2006-இல் ‘மூவ்’ என்னும் எடைக் குறைப்புத் திட்டத்தை நாடெங்கும் விரிவுபடுத்தியது. பின்னர் வீட்டிலிருந்தே எடையைப் பதிவு செய்து வழிகாட்டுதல் பெறும் முறையும் அதனுடன் இணைந்தது. நம் நாட்டிலும் சான்று உண்டு. நீரிழிவு வரும் நிலையிலிருந்த 537 ஆடவரிடையே நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வில், கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே அறிவுரை பெற்றோரில் 18 விழுக்காட்டினர் ஈராண்டுகளில் நீரிழிவுக்கு ஆளாயினர். பெறாதோரில் இது 27 விழுக்காடு.

செயல்முறை

தேவையானவை எளியன: ஓர் எடைக்கருவி, ஓர் அளவு நாடா, ஒரு தொலைபேசி. வாரம் ஒருமுறை குறித்த நாளில் எடை பார்த்தல், உண்டவற்றைக் குறித்து வைத்தல், ஒரே ஆலோசகருடன் தாய்மொழியில் உரையாடுதல் ஆகியவையே முறை. வாரத்திற்கு 150 நிமிட விரைவு நடையும் வேண்டும். 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் சீரடையத் தொடங்கும். சமைப்பவரையும் உரையாடலில் சேர்ப்பது இன்றியமையாதது.

இன்சுலின் போன்ற மருந்து எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் ஆகாது. இதய நோயுள்ளோர் நேரில் பரிசோதனை பெற்ற பின்னரே பயிற்சி தொடங்க வேண்டும். தொலைவழித் தொடர்பு மருத்துவருக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

அளவிடுதல்

எத்தனை பேர் பதிவு செய்தனர் என்பது வெற்றியின் அளவுகோல் ஆகாது. ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் தொடர்கின்றனர், குறைந்த எடை நிலைத்ததா என்பவையே கணக்கில் கொள்ளத்தக்கவை. இடையில் நின்றவரை அழைத்துக் காரணம் கேட்பதும் திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

நாற்பது வயதில் இல்லம் திரும்பும் வீரருக்கு முன் இன்னும் பல பத்தாண்டுகள் உள்ளன. அரசு ஓய்வூதியம் அளிக்கிறது. நோயுற்றால் சிகிச்சையும் அளிக்கிறது. நோய் வருமுன் வாரம் கால் மணி நேரம் பேசுவதற்கான செலவு, பின்னாளில் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் செய்யும் செலவோடு ஒப்பிடச் சிறிதே. எல்லையைக் காத்தவரின் எஞ்சிய வாழ்நாளைக் காப்பது சலுகை அன்று, கடமை.