எத்தனை மணிக்குப் பிடித்தார்கள்?

அறக்கட்டளைச் சொற்பொழிவு



கைது செய்யப்படுபவருக்கு உள்ள உரிமைகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். உரிமைகளை வரிசையாகச் சொல்ல நான் வேண்டியதில்லை; சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் கிடைத்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. நம் நாட்டில் இந்த உரிமைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு நேரக் குறிப்பை நம்பி நிற்கின்றன. ஒருவரை எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதுதான் அது. அதை எழுதாமல் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஏட்டோடு நின்றுவிடும்.

சென்னை ராஜதானியின் பங்கு

போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது ஊரறிந்த விதி. இந்த விதியின் வரலாற்றில் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. 1854இல் சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ் ஆகியோருடன் ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற வழக்கறிஞரும் அதில் இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் கட்டிப்போடும் அண்ணாந்தாள் ஆகிய நம்மூர்ச் சொற்கள் 1855இல் வெளிவந்த அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே இடம்பெற்றன.

அன்று கிஸ்தி வசூலிக்க வந்தவரும் களவைத் துப்புத் துலக்க வந்தவரும் ஒரே தாசில்தாரின் ஆட்கள். வரி பாக்கிக்கும் திருட்டுக்கும் ஒரே வைத்தியம்தான். அறிக்கைக்குப் பின் 1859ஆம் ஆண்டுச் சட்டம் காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. 1861இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் போலீசாரிடம் தரும் ஒப்புதலை ஒதுக்கியது. அந்த விதி 1872 சாட்சியச் சட்டத்தில் 25, 26ஆம் பிரிவுகளாகி, இன்று பாரதிய சாட்சிய அதிநியத்தில் 23ஆம் பிரிவாக இருக்கிறது.

ஆனால் ஒரு வாசலைச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாகும். பழைய 27ஆம் பிரிவு இது. புதிய சட்டத்திலும் தொடர்கிறது. “நகையை எங்கே வைத்தாய்?” என்ற கேள்வி ஸ்டேஷனில் ஏன் அவ்வளவு உக்கிரமாகக் கேட்கப்படுகிறது என்பதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். ஒப்புதலால் பயனில்லை, மீட்பினால் பயனுண்டு என்றால், அடிப்பதற்கான தூண்டுதல் முழுதாகப் போய்விடவில்லை என்றுதான் பொருள்.

வாய் திறக்காதிருக்கும் உரிமை

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) உறுப்பு. இந்தப் பாதுகாப்பு நீதிமன்றக் கூண்டுக்கு மட்டுமா, காவல் நிலையத்துக்கும் உண்டா? ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, எழுதிய கேள்விகளைக் கொடுத்தார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். அதற்காக அவர்மீது வழக்குப் போட்டார்கள். 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, புலனாய்வுக் கட்டத்திலேயே அந்த உரிமை தொடங்கிவிடுகிறது என்றது. பெண்ணைச் சாட்சி விசாரணைக்கு அவர் வீட்டை விட்டு வேறிடத்துக்கு வரவழைக்கக் கூடாது என்ற விதி மீறப்பட்டதையும் அது கண்டித்தது. 2010இல் செல்வி வழக்கின் தீர்ப்பு, ஒருவரின் சம்மதமின்றி உண்மை அறியும் ஊசி போடுவதற்கும் தடை விதித்தது.

ஆகவே பெயரையும் முகவரியையும் சொல்லலாம். தன்னைக் குற்றத்தில் மாட்டும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. விசாரணை நடக்கையில் வழக்கறிஞரைச் சந்திக்கலாம். அவர் முழு நேரமும் உடனிருக்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாளில் ஏறிய நேரம்

1986இல் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே. பாசு, லாக்அப் மரணங்களைப் பற்றி இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது மனுவாக ஏற்கப்பட்டது. 1996 டிசம்பர் 18இல் வந்த தீர்ப்பு பதினொரு கட்டளைகளை இட்டது. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் நாளும் நேரமும் எழுதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்.

இவற்றில் பல இன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சட்டமாகவே இருக்கின்றன. கைதுக் குறிப்புக்கு 36ஆம் பிரிவு, காரணம் சொல்வதற்கு 47, உறவினருக்கு அறிவிப்பதற்கு 48, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு 58. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை என்றது 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பு. கைதின் காரணத்தைத் தெரிவிக்காவிட்டால் கைதே சட்டவிரோதம் என்று 2025இல் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

எழுதாத நேரம்

இத்தனை இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி காவல் நிலையத்துக்குச் சென்ற மாஜிஸ்திரேட், கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் குறித்தார். அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் ஒளியும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜூனில் மடப்புரத்தில், நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி உயிரோடு திரும்பவில்லை.

“சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்” என்று சொல்லித்தான் வீட்டிலிருந்து கூட்டிப்போகிறார்கள். அப்போது குறிப்பும் இல்லை, சாட்சியும் இல்லை. கைது என்று எழுதுகிறபோதுதான் 24 மணிக் கணக்கு தொடங்கும் என்பது காவல் நிலையத்தின் வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் நினைத்தபோது எழுந்து வெளியே போக முடியாத நிலை வந்ததுமே அவர் காவலில் இருக்கிறார். கணக்கு அங்கிருந்துதான்.

முந்தைய தலைமுறை வழக்கறிஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆளைப் பிடித்துப் போய்விட்டார்கள் என்று வீட்டார் ஓடி வந்தால், முதலில் தபால் நிலையத்துக்குத்தான் அனுப்புவார்கள். கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் ஒரு தந்தி. தந்தியின் நாளையும் நேரத்தையும் யாரும் மாற்ற முடியாது. ஆட்கொணர்வு மனுவில் அதுவே சாட்சி. 2013 ஜூலையோடு தந்திச் சேவை நின்றுபோனது. அந்த வேலையை இன்று மின்னஞ்சலும் வாட்ஸ்அப் செய்தியும் செய்ய முடியும், செய்பவர் இருந்தால்.

மாணவர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை ஒரு தாய் உங்கள் அலுவலகத்துக்கு வந்து அழுதால், வழக்கு என்ன என்று கேட்பதற்கு முன், எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதிலை அப்போதே மேலதிகாரிகளுக்கு எழுத்தில் அனுப்புங்கள். பணமில்லாதவருக்கு 15100 என்ற சட்ட உதவி எண்ணைச் சொல்லுங்கள். ரிமாண்டின்போது காயம் இருந்தால் போலீசார் விலகி நிற்கும்படி கேட்டு, அதை மாஜிஸ்திரேட் பதியும்வரை அங்கிருந்து நகராதீர்கள். அந்தப் பதிவு இருந்தால்தான் பிறகு எந்த நீதிமன்றமும் உங்கள் கட்சிக்காரருக்கு உதவ முடியும்.