ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் நம்ம ஊரு தாங்குமா?

(ஸ்ரீவைகுண்டம் வட்டார விவசாய அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த ராத்திரியை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷம் முழுக்க நம்ம மாவட்டத்துல பெய்யுற மழையை விட அதிகம்! "அணையைத் திறந்துவிட்டான், அதான் வெள்ளம்"னு இன்னைக்கும் சொல்றாங்க. அது பாதிதான் உண்மை. பாபநாசத்துக்கும் மணிமுத்தாறுக்கும் கீழே, நம்ம தலைக்கு மேலேயே கொட்டின மழை அது. மேல்குளம் உடைஞ்சா அந்தத் தண்ணி கீழ்க்குளத்தை உடைக்கும். குளத்துக்குக் குளம் தொடர் வச்சுக் கட்டின நம்ம முன்னோர் மறுகாலையும் சேர்த்துத்தான் கட்டினாங்க. அந்த மறுகால் ஓடையில இப்போ சீமைக்கருவேலமும் அமலைச்செடியும் நிக்குது. சில ஊர்ல வீடே நிக்குது. சொன்னா கோபம் வரும், ஆனா சொல்லாம இருக்க முடியாது.

இன்னொன்னு. எட்டு அணைக்கட்டு, காரும் பிசானமும் விளையுற பூமி இது. அப்படிப்பட்ட ஊர்ல நாம சோத்துப் பொட்டலத்துக்கு வானத்தைப் பார்த்து நின்னோம். ஏன்? முன்னாடி வீட்டுக்கு வீடு குதிர் இருந்துச்சு. இப்போ நெல்லை அறுத்த கையோட களத்துலேயே வித்துட்டு, கடையில அரிசி வாங்குறோம். கரண்ட் போச்சு, மோட்டார் போச்சு, குழாயில தண்ணி இல்லை. ஊரைச் சுத்தி வெள்ளம், குடிக்க ஒரு குடம் தண்ணி கிடையாது. பழைய அடிபம்பு ஒன்னு வேலை செஞ்சிருந்தா அந்தத் தெருவே பிழைச்சிருக்கும்.

அதே நேரத்துல ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னுபோன திருச்செந்தூர் ரயிலை நினைச்சுப் பாருங்க. சுமார் 800 பயணிகள். பக்கத்து ஊர் ஜனங்க, தங்களுக்கே வழியில்லாத நேரத்துல, சமைச்சுப் போட்டாங்க. அவங்ககிட்ட அரிசி இருந்துச்சு, விறகு இருந்துச்சு, மனசும் இருந்துச்சு.

அதனால நம்ம அணி ஒரு வேலையைக் கையில எடுக்குது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒவ்வொரு ஊரிலும் பெரியவங்களை உட்காரவச்சுக் கேட்டு எழுதணும். 1992 வெள்ளத்துல தண்ணி எந்தச் சுவர் வரைக்கும் வந்துச்சு, 2023-ல எது வரைக்கும்? மேட்டு நிலம் எது, மாட்டை எங்கே கட்டுறது? எந்தக் குளத்து மடை ஷட்டர் துருப்பிடிச்சு நிக்குது? எத்தனை அடிபம்பு ஓடுது? ஊர்ப் பொதுவுல பத்து நாளைக்கு நெல்லும் விதையும் வைக்க மேடான இடம் இருக்கா? கோடையில காய்ஞ்சு கிடக்கிற கடைமடைக் குளம் எதுன்னும் அதே நோட்டுல எழுதுங்க. இங்கே வெள்ளமும் வறட்சியும் ஒரே வாய்க்கால் வழியாத்தான் வருது.

அந்த நோட்டைக் கிராம சபையில வச்சுத் தீர்மானமாக்குங்க. தீர்மான நகலோட கலெக்டர் ஆபீசுக்கு நாங்க கூட வர்றோம். முதல் நோட்டு எந்த ஊர்ல இருந்து வருதுன்னு பார்க்கத்தான் போறேன்.

#தாமிரபரணி #நம்மகுளம்